ஸ்பெஷல் டூல் இல்லாம டிரைவ் ஷாஃப்ட் கழட்டி மாட்ட முடியுமா? பழைய வேகன் ஆர், பெங்களூரு

ரெண்டாம்கியர் | வியாழன் இரவு 10:40
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2011 வேகன் ஆர், ஒரு லட்சத்து பத்தாயிரம் ஓடியிருக்கு, நான் இருக்கறது ஹலசூரு பக்கம். ஒரு மாசமா பேஸ்மென்ட்ல இருந்து ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு வெளிய எடுக்கும்போது டக்கு டக்கு டக்குனு சத்தம், செவுத்துல எதிரொலிச்சு வாட்ச்மேனே திரும்பிப் பாக்கறாரு. நேத்து டார்ச் அடிச்சு குனிஞ்சு பாத்தா டிரைவர் சைடு வீலுக்கு உள்பக்கம் ரிம்மு, ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ் எல்லாத்துலயும் கறுப்பா கிரீஸ் தெறிச்சு கெடக்கு, கியர்பாக்ஸ்ல இருந்து முன் வீல சுத்தவைக்கற தண்டு, அதான் டிரைவ் ஷாஃப்ட், அதோட ஜாயின்ட்ட மூடற ரப்பர் பூட் கிழிஞ்சு வாயப் பொளந்துட்டு நிக்குது.

ஒரு கராஜ்ல கேட்டேன், ரெண்டு சைடும் முழு ஆக்சில், அதான் அந்த ஷாஃப்ட்ட, மாத்தணும்னு 14 ஆயிரம் சொன்னாங்க. கிழிஞ்சது ஒண்ணுதானேன்னா "ஒண்ணு போனா இன்னொண்ணும் பின்னாடியே போயிடும் சார்"னு பதில். சரி நாமளே பண்ணலாம்னு தோணுச்சு. என்கிட்ட ஜாக்கி, வீல் ஸ்பேனர், 24 வரைக்கும் பாக்ஸ் செட், சுத்தியல், ஒரு நீளமான ஜிஐ பைப் இருக்கு. ஒட்டினத இழுத்து எடுக்கற புல்லர் கிடையாது, எவ்ளோ இறுக்கறோம்னு காட்டற டார்க் ரென்ச் கிடையாது, நட்டு கழட்டற காத்து கன்னு கிடையாது. இறங்கலாமா, பேசாம காச குடுத்துட்டு வந்துடவா?

டின்ஃபேக்டரி டிராஃபிக் | வியாழன் இரவு 10:58
ப்ரோ வெறும் பூட் மட்டும் மாத்துங்க, முந்நூறு ரூபாயோட முடிஞ்சுது. எதுக்கு முழு ஷாஃப்ட்டு.

கம்மனஹள்ளி அக்கா | வியாழன் இரவு 11:15
பூட் மட்டும் மாத்தறது சத்தம் வர்றதுக்கு முன்னாடி பண்ற வேலை தம்பி. உள்ள ஆறு குண்டு இருக்கு, கிரீஸ் போய் மண்ணு பூந்து அது ஓடற பள்ளம் தேஞ்சதுக்கு அப்புறம்தான் டக்கு டக்குனு கத்தும். அதுக்கு மேல புது பூட்டும் புது கிரீஸும் போட்டா கிழிஞ்ச சட்டைக்கு இஸ்திரி போட்ட மாதிரிதான்.

ரெண்டாம்கியர், முதல்ல காலி கிரவுண்டுல ரெண்டு பக்கமும் ஃபுல் லாக் அடிச்சு மெதுவா வட்டம் போட்டு எந்தப் பக்கம்னு உறுதி பண்ணிக்கோங்க. நேரா போறப்ப ஆக்சிலேட்டர் குடுத்தா வண்டி உதறுதான்னும் பாருங்க. உதறினா அது உள்பக்க ஜாயின்ட், மூணு ரோலர் இருக்குமே அது. திருப்பத்துல மட்டும் கத்தினா வெளிப்பக்கம்.

நான் என் பழைய ஆல்ட்டோல ரெண்டு வருஷம் முன்னாடி நானே மாத்தினேன். புல்லர் எல்லாம் தேவையே படல. காசு குடுத்து வாங்கினது ஹப் நட்டுக்கான (ஷாஃப்ட் நுனிய வீல் நடுவுல பூட்டற நட்டு) பெரிய சாக்கெட்டும், அரை இஞ்ச் பிரேக்கர் பாரும்தான். உங்க செட்டு 24ல நின்னுடுது, ஹப் நட்டு அதவிட பெருசு. 30ஆ 32ஆன்னு யாரையும் கேக்காதீங்க, வீல் கேப்ப எடுத்துட்டு நட்ட வெர்னியர்ல அளந்துட்டு கடைக்குப் போங்க.

கேஜிஎஃப் டர்னர் | வெள்ளி காலை 6:05
தம்பி, நான் தங்கவயல்ல லேத்துல நின்னவன், இப்ப ரிட்டயர்டு, பையன் வீட்டுல கேஆர்புரத்துல இருக்கேன். அம்பாசிடர், பத்மினி காலத்துல முன் வீலுக்கு இந்த வேலையே கிடையாது, இழுக்கறது எல்லாம் பின் வீல். 1983 கடைசில மாருதி 800 வந்தப்புறம்தான் நம்ம மெக்கானிக்குங்க இந்த ஜாயின்ட்ட பாக்க ஆரம்பிச்சாங்க. அதோட ஐடியா அதுக்கும் ரொம்பப் பழசு, 1920கள்ல ஃபோர்டுல இருந்த ஆல்ஃப்ரெட் ஸெப்பாங்கற இன்ஜினியர் பண்ணது, 1959ல வந்த மினி கார்லதான் அது சாதாரண ஜனங்க வண்டிக்கு இறங்குச்சு.

கதை போதும், வேலைக்கு வர்றேன். ஒண்ணு மட்டும் எழுதி வெச்சுக்க. ஹப் நட்ட வீல் தரைல இருக்கறப்பவே லூஸ் பண்ணு, ஜாக்கி போட்டுட்டு அத முறுக்காத, வண்டி சாஞ்சிடும். நட்டோட கழுத்த ஷாஃப்ட் பள்ளத்துல ஒரு இடத்துல தட்டி மடிச்சிருப்பான், அத சின்ன உளி வெச்சு நிமித்திட்டு அப்புறம் திருப்பு. நிமித்தாம பைப் போட்டு இழுத்தா மரையோட போயிடும். சில கொரியன் வண்டில மடிப்புக்கு பதிலா ஸ்ப்ளிட் பின் இருக்கும், அது இன்னும் சுலபம்.

ரெண்டாம்கியர் | வெள்ளி காலை 9:20
நன்றி மாமா, நன்றி அக்கா. லூஸ் பண்றப்ப வீலோட சேந்து சுத்தாதா?

கம்மனஹள்ளி அக்கா | வெள்ளி காலை 9:41
வீட்டுல யாரையாவது உக்கார வெச்சு பிரேக்க அழுத்தச் சொல்லுங்க. என் வீட்டுக்காரர் உக்காந்து ஃபோன் பாத்துட்டே அழுத்தினாரு, அது போதும். கியர் ஃபர்ஸ்ட்ல, ஹேண்ட் பிரேக் மேல, பின் வீலுக்கு கல்லு.

ஜாக்கிஸ்டாண்டு | வெள்ளி மதியம் 1:10
நான் இந்த இழைல ஒரே விஷயம்தான் சொல்வேன், என் பேர பாத்தாலே தெரியும். வண்டியோட வர்ற கத்திரி ஜாக்கி டயர் மாத்தறதுக்கு, அதுக்கு கீழ படுக்கறதுக்கு இல்ல. ஸ்டாண்டு ரெண்டு வாங்குங்க. ஹாலோ பிளாக், செங்கல்லு வேண்டவே வேண்டாம், பாக்க கெட்டியா இருக்கும், பட்டுனு ஒடஞ்சிடும். கழட்டின வீல வண்டி சைடு பாடிக்கு கீழ தள்ளி வெச்சுடுங்க, எது நழுவினாலும் அது மேல உக்காரும். இந்த வேலைல லோயர் ஆர்ம, அதான் வீல கீழ பிடிச்சிருக்கற கைய, கீழ அழுத்தறது, சுத்தியலால தட்டறதுனு வண்டி நல்லா ஆடும், சொல்லிட்டேன்.

டின்ஃபேக்டரி டிராஃபிக் | வெள்ளி மதியம் 1:32
கியர் ஆயில் கொட்டுமா கொட்டாதா? அத யாருமே சொல்லல.

கம்மனஹள்ளி அக்கா | வெள்ளி மதியம் 2:05
கொட்டும், ஷாஃப்ட்ட உருவின உடனே ஓட்டை வழியா வந்துடும். அதனால முதல்லயே டிரெய்ன் பிளக்க கழட்டி பழைய பிரியாணி டப்பால பிடிச்சிடுங்க, எப்படியும் ஒரு லட்சம் ஓடின ஆயில், மாத்தவேண்டியதுதான். ஆனா டிரெய்ன் பண்றதுக்கு முன்னாடி மேல இருக்கற ஃபில்லர் பிளக் திரும்புதான்னு பாத்துக்கோங்க. எனக்கு அது துருப்பிடிச்சு அசையவே இல்ல, ஆயில கீழ விட்டுட்டு மேல ஊத்த வழியில்லாம அரை நாள் உக்காந்திருந்தேன்.

ரெண்டாம்கியர் | சனி காலை 11:50
ஆரம்பிச்சுட்டேன். ஃபில்லர் பிளக் திரும்பிடுச்சு. ஹப் நட்டு மடிப்ப நிமித்தினேன், சாக்கெட், பார், அதுக்கு மேல ஜிஐ பைப், தம்பி பிரேக்ல. மொதல்ல ஒண்ணுமே ஆகல, அப்புறம் பைப் நுனில காலு வெச்சு எந்திரிச்சேன், படார்னு ஒரு சத்தம், பைப்தான் ஒடஞ்சுதுன்னு நெனச்சேன், நட்டு கால் சுத்து திரும்பியிருக்கு. உசுரு வந்துச்சு.

இப்ப வீல் கழட்டி, ஸ்டாண்டு போட்டு, லோயர் ஆர்மையும் வீல தாங்கற நக்கிளையும் சேக்கற பால் ஜாயின்ட் போல்ட எடுத்தாச்சு, ஆனா லோயர் ஆர்ம் கீழ இறங்கல. தட்டிட்டே இருக்கேன், அசையல. இங்க ஒருத்தர் நக்கிள்ல இருந்து ஷாக் அப்சார்பர் போல்ட் ரெண்டையும் கழட்டிடச் சொல்றாரு. எது சரி?

கேஜிஎஃப் டர்னர் | சனி மதியம் 12:10
போல்ட லூஸ் பண்ணினியா, முழுசா வெளிய எடுத்தியா? பால் ஜாயின்ட் கழுத்துல ஒரு பள்ளம் இருக்கும், போல்ட் அந்தப் பள்ளத்துல குறுக்கா போகும். முழுசா உருவலன்னா ஆயிரம் தட்டினாலும் வராது. எடுத்துட்டேன்னா, அந்தக் கவ்வி வாய்ல ஒரு தட்டை ஸ்க்ரூ டிரைவர செருகி கொஞ்சமா விரி, ரொம்ப விரிச்சா நக்கிள் வெடிச்சுடும். அப்புறம் லோயர் ஆர்ம் மேல உன் பைப்ப நீளவாக்குல வெச்சு, பைப்போட முனைய ஏதாவது ஒரு கெட்டியான இடத்துல கயிறு போட்டு கட்டி, இந்தப் பக்கம் நீ கீழ அழுத்து. சுத்தியல் எதுக்கு.

ஷாக் அப்சார்பர் போல்ட் கழட்டறதும் வழிதான், தப்பில்ல. ஆனா அந்த ரெண்டு போல்ட் எங்க உக்காந்திருக்கோ அதுதான் வீலோட சாய்மானம். கழட்டறதுக்கு முன்னாடி உளியால கோடு கிழிச்சு வெச்சுக்கணும், முடிஞ்சதும் அலைன்மென்ட் பாக்கணும். கீழ வழி இருக்கறப்ப மேல எதுக்கு கை வெக்கணும்.

ரெண்டாம்கியர் | சனி மதியம் 1:25
மாமா கால் எங்க நீட்டுங்க. போல்ட முழுசா எடுக்கல, தலை வெளிய தெரிஞ்சதால எடுத்துட்டேன்னு நெனச்சிட்டேன், முக்கால் இஞ்ச் உள்ள இருந்திருக்கு. எடுத்ததும் பைப் போட்டு அழுத்தினேன், டப்புனு இறங்கிடுச்சு.

இப்ப ஷாஃப்ட் நுனில இருக்கற பல்லு, அதான் ஸ்ப்ளைன், ஹப்புல ஒட்டிக்கிட்டு நிக்குது. நட்ட சுத்தமா எடுத்துட்டு ஷாஃப்ட் நுனில நேரா சுத்தியலால ஒண்ணு போடவா?

கம்மனஹள்ளி அக்கா | சனி மதியம் 1:27
போடாதீங்க!! நுனி காளான் மாதிரி விரிஞ்சுட்டா நட்டு அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் ஏறாது. பழைய நட்ட திருப்பி ஷாஃப்ட் நுனிக்கு சமமா வர்ற வரைக்கும் போடுங்க, மேல ஒரு மரக்கட்டை, அது மேல அடி. முதல்ல துரு எண்ணெய் அடிச்சு அரை மணி விட்டுட்டு டீ குடிச்சிட்டு வாங்க.

டின்ஃபேக்டரி டிராஃபிக் | சனி மதியம் 1:40
பழைய ஷாஃப்ட் தானே அக்கா, எப்படியும் குஜ்ரிக்கு, பழைய இரும்புக்குத்தானே போகப்போவுது, அடிச்சா என்ன.

கம்மனஹள்ளி அக்கா | சனி மதியம் 1:52
அடி ஷாஃப்ட்டுக்கு மட்டும் போகாது தம்பி, ஹப் பேரிங் வழியா போகும். பேரிங் போச்சுன்னா அத மாத்த பிரஸ் வேணும், அப்பதான் நெஜமாவே ஸ்பெஷல் டூல் வேலை.

ரெண்டாம்கியர் | சனி மாலை 4:30
வந்துடுச்சு, ஆனா பாதிதான். ஸ்ப்ளைன் கழண்டதும் சந்தோஷத்துல ஷாஃப்ட்ட ரெண்டு கையால பிடிச்சு வெளிய இழுத்தேன், வழுக்குனு கைக்கு வந்துடுச்சு, பாத்தா முனைல மூணு ரோலர் கிரீஸோட தொங்குது, கப்பு கியர்பாக்ஸ்லயே நிக்குது. பேன்ட்டு, தரை, என் மூஞ்சி எல்லாம் கறுப்பு. ஏதாவது ஒடச்சிட்டேனா?

கேஜிஎஃப் டர்னர் | சனி மாலை 4:42
ஒண்ணும் ஒடையல, பழசுதானே, கவலைப்படாத. மொதல் தடவை எல்லாரும் பண்ற தப்பு, நானும் பண்ணியிருக்கேன். உள்பக்க ஜாயின்ட்டோட கப்புக்குள்ள அந்த மூணு ரோலரும் சும்மா முன்ன பின்ன போயிட்டு வர்ற மாதிரிதான் இருக்கும், இழுத்தா வந்துடும். கப்ப பிடிச்சு நிக்கறது கியர்பாக்ஸுக்குள்ள இருக்கற சர்க்லிப்பு, ஒரு சின்ன கம்பி வளையம். அத கழட்ட கப்புக்கும் கியர்பாக்ஸ் பாடிக்கும் நடுவுல டயர் லீவரோ கடப்பாறை நுனியோ குடுத்து ஒரே வெட்டு. மெதுவா நெம்பினா சர்க்லிப்பு அசையாது, சுருக்குனு குடுக்கணும். லீவர் ரொம்ப உள்ள போனா ஆயில் சீல கிழிச்சிடுவ, கேசிங் அலுமினியம் அதுல பள்ளம் விழும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு தகடு வெச்சுக்க.

பிரேக் காலிப்பர கழட்டியிருந்தா ஹோஸ்ல தொங்கவிட்டுடாத, கட்டுக் கம்பில ஸ்பிரிங்ல கட்டு.

ஜாக்கிஸ்டாண்டு | சனி மாலை 5:05
ஷாஃப்ட் இல்லாம வண்டிய இறக்கி ரெண்டடி கூட தள்ளாதீங்க. ஹப் பேரிங்க ரெண்டு பக்கமும் இறுக்கி பிடிச்சிருக்கறது அந்த ஷாஃப்ட்டும் நட்டும்தான், அது இல்லாம வெயிட் விழுந்தா பேரிங் உள்ள பிரிஞ்சிடும்.

டின்ஃபேக்டரி டிராஃபிக் | சனி மாலை 5:20
இன்னொரு சைடும் சேத்து கழட்டிடலாமே, ஆயில் எப்படியும் காலி.

கேஜிஎஃப் டர்னர் | சனி மாலை 5:33
எதுக்கு? அந்தப் பக்கம் பூட் நல்லா இருக்கு, சத்தம் இல்ல. அப்புறம் சில கியர்பாக்ஸ்ல ரெண்டு ஷாஃப்ட்டையும் ஒரே நேரத்துல உருவினா டிஃபரன்ஷியல் உள்ள இருக்கற பக்க கியர் நழுவி எடம் மாறிடும், அப்புறம் ஷாஃப்ட் ஏறாது. ஒண்ணு முடிச்சிட்டு ஒண்ணு.

ரெண்டாம்கியர் | சனி இரவு 9:15
கப்பு மூணாவது வெட்டுல வந்துச்சு. ஷாஃப்ட்ட கோணில சுத்தி ஸ்கூட்டர் முன்னாடி வெச்சுக்கிட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜேசி ரோடு போனேன், கடை மூட அரை மணி இருந்துச்சு. மெட்ரோல போலாம்னு தம்பி சொன்னான், இத கோணில சுத்தி எடுத்துட்டு போனா செக்யூரிட்டி என்ன கேப்பான்னு நெனச்சு வேண்டாம்னுட்டேன். ஒரு கடைல வெளி ஜாயின்ட் மட்டும் குடுத்தாங்க, கடைக்காரரே பாத்துட்டு "இதுல ஜாயின்ட் ஷாஃப்ட்ட விட்டு சுலபமா கழலாது, அடிச்சு பாக்கறதுக்கு முழுசா வாங்கிக்கோ"ன்னாரு. முழு ஷாஃப்ட் 3,900க்கு வாங்கினேன், கூட ஆயில் சீலு, கியர் ஆயில். பழசையும் புதுசையும் கவுண்டர் மேல பக்கத்துல பக்கத்துல வெச்சு நீளம் பாத்தோம், ரெண்டு முனையிலயும் ஸ்ப்ளைன் பல்ல ஒண்ணு ஒண்ணா எண்ணினோம். சைடு மாத்தி ஒண்ணு குடுத்திருந்தாரு மொதல்ல, நீளத்துலயே தெரிஞ்சிடுச்சு.

ஹப் நட்டு மட்டும் கேக்க மறந்துட்டேன். பழசயே போட்டுக்கலாமா?

கேஜிஎஃப் டர்னர் | சனி இரவு 9:30
மடிச்சு பூட்டற நட்டு ஒரு தடவைக்குத்தான்.

கம்மனஹள்ளி அக்கா | ஞாயிறு காலை 8:10
இன்னிக்கு பழச போடுங்க, நாளைக்கு புது நட்டு மாத்தற வரைக்கும் வண்டி நகரக்கூடாது, அவ்ளோதான்.

ஆயில் சீல் தட்ட டூல் கேப்பாங்க, அதெல்லாம் வேண்டாம், சீல் அளவுக்கு ஒரு பிவிசி கப்ளிங் துண்டு எடுத்து வெச்சு சுத்தி சுத்தி மெதுவா தட்டுங்க, நேரா இறங்கணும், சாஞ்சா எடுத்துட்டு மறுபடி. சீல் உதட்டுல கியர் ஆயில் தடவுங்க. ஷாஃப்ட் உள்ள போறப்ப அந்த ஸ்ப்ளைன் பல்லு சீல் உதட்ட உரசக்கூடாது, யாராவது வெளி முனைய தூக்கிப் பிடிக்கணும். சர்க்லிப்பு ஒரு பக்கமா தொங்கினா உள்ள ஏறாது, கொஞ்சம் கிரீஸ் வெச்சு நடுவுல நிக்கற மாதிரி பண்ணிட்டு ஒரே தள்ளு. டிக்குனு விழும். விழுந்துச்சான்னு பாக்க கப்ப பிடிச்சு இழுத்துப் பாருங்க, நேத்து மாதிரி ஷாஃப்ட்ட பிடிச்சு இழுக்காதீங்க!

ரெண்டாம்கியர் | ஞாயிறு மதியம் 3:40
டிக்கு விழுந்துச்சு. அஞ்சாவது தள்ளுலதான், நாலு தடவை பாதில நின்னுச்சு, ஷாஃப்ட்ட கொஞ்சம் சுத்தி ஸ்ப்ளைன் பொருந்தினதும் போயிடுச்சு. பால் ஜாயின்ட்ட தூக்கி உக்கார வெச்சு போல்ட போட்டாச்சு, பள்ளத்துல போல்ட் போகுதான்னு டார்ச் அடிச்சு பாத்தேன். ஆயில் ஊத்தினேன், ஃபில்லர் ஓட்டைல வழியற வரைக்கும்.

இப்ப டார்க் ரென்ச் இல்லாம ஹப் நட்ட எவ்ளோ இறுக்கறது? "நல்லா இறுக்கு"ன்னு சொல்லாதீங்க ப்ளீஸ்.

டின்ஃபேக்டரி டிராஃபிக் | ஞாயிறு மதியம் 3:52
நல்லா இறுக்குங்க ப்ரோ.

கேஜிஎஃப் டர்னர் | ஞாயிறு மாலை 4:15
ஏர்போர்ட் போறப்ப பெட்டி எடை பாக்கற தொங்கு தராசு இருக்கா வீட்டுல? அதுதான் உன் டார்க் ரென்ச். மேனுவல்ல உன் வண்டி ஹப் நட்டுக்கு எத்தன நியூட்டன் மீட்டர்னு (இறுக்கற அளவு) போட்டிருக்கான்னு பாரு, அத 9.8ஆல வகு, நட்டு நடுவுல இருந்து நீ இழுக்கற இடம் வரைக்கும் எத்தன மீட்டரோ அதால மறுபடி வகு, வர்றது கிலோ. 200 நியூட்டன் மீட்டர்னு வெச்சுக்க, 1 மீட்டர்ல இழுத்தா 20 கிலோ சொச்சம், 80 சென்டிமீட்டர்ல இழுத்தா இருபத்தஞ்சரை. பைப்புக்கு நேர் குறுக்கா, தொண்ணூறு டிகிரில இழுக்கணும், சாய்ச்சு இழுத்தா கணக்கு பொய்யாயிடும்.

இன்னொண்ணு. தரைல இறக்கிட்டு மொத தடவையா இறுக்காத. வண்டி ஸ்டாண்டு மேல இருக்கறப்பவே பிரேக்க அழுத்தச் சொல்லி முடிஞ்ச வரைக்கும் இறுக்கிடு, பேரிங் பொருந்தினதுக்கு அப்புறம் இறக்கி கடைசி நம்பருக்குப் போ.

ஜாக்கிஸ்டாண்டு | ஞாயிறு மாலை 4:30
இத நான் என் மாமனார் வீட்டுல செஞ்சு காமிச்சா பைத்தியம்னு நெனப்பாங்க. ஆனா கணக்கு சரிதான், மறுபடி போட்டு பாத்துட்டேன்.

ரெண்டாம்கியர் | ஞாயிறு இரவு 8:20
தராசு பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட வாங்கினேன், எதுக்குன்னு கேட்டாங்க, ஹப் நட்டுன்னேன், ஒண்ணும் கேக்காம குடுத்துட்டாங்க. கொக்கிய பைப்புல மாட்டி தம்பி டிஸ்பிளே பாத்து நம்பர கத்தினான், நான் இழுத்தேன். நம்பர் வர்றப்ப நட்டு நகரறது கைக்கே தெரியுது. வீல மாட்டி சும்மா கையால சுத்தினேன், உரசல் இல்ல, சத்தம் இல்ல. வண்டி நகரல, அக்கா சொன்ன மாதிரி.

ஒரே சங்கடம், கியர் ஆயில் ஒரு தட்டு அளவுக்கு தரைல கொட்டிடுச்சு, அசோசியேஷன் செக்ரட்டரி ஃபோட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டாரு. பேஸ்மென்ட்ல வண்டி ரிப்பேர் பண்ணக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்காம், எனக்கு இப்பதான் தெரியும்.

கம்மனஹள்ளி அக்கா | ஞாயிறு இரவு 8:35
மரத்தூள் போட்டு ராத்திரி முழுக்க விடுங்க, காலைல கூட்டிட்டு துணி சோப்புத் தூள கொஞ்சமா தண்ணி விட்டு குழைச்சு தேய்ங்க. செக்ரட்டரி வண்டியோட ரப்பர் பூட்ட ஒரு தடவை டார்ச் அடிச்சு பாத்து சொல்லுங்க, அப்புறம் அவரே பேசுவாரு.

ரெண்டாம்கியர் | செவ்வாய் இரவு 9:50
நேத்து சாயங்காலம் புது நட்டு வாங்கிட்டு வந்து அதே தராசோட மறுபடி இறுக்கி, கழுத்த பள்ளத்துல தட்டி மடிச்சாச்சு. இன்னிக்கு காலைல ஃபுல் லாக்ல பேஸ்மென்ட்ல இருந்து எடுத்தேன், சத்தம் சுத்தமா இல்ல. ஹோசூர் வரைக்கும் போயிட்டு வந்து கீழ படுத்துப் பாத்தேன், சீல் பக்கம் ஈரம் இல்ல, பூட் கிளாம்ப் எதையும் உரசல. மொத்த செலவு ஷாஃப்ட், சீலு, ஆயிலு, சாக்கெட்டு, பாரு, ரெண்டு ஸ்டாண்டு, நட்டு எல்லாம் சேத்து எட்டாயிரத்துக்குள்ள, டூல் எல்லாம் என்கிட்டயே இருக்கு.

செக்ரட்டரி வண்டிய பாத்தேன் அக்கா. பாசஞ்சர் சைடு பூட்டுல வெடிப்பு ஓடுது. இன்னும் சொல்லல.

டின்ஃபேக்டரி டிராஃபிக் | செவ்வாய் இரவு 10:02
ப்ரோ அந்த சாக்கெட்ட இந்த சனிக்கிழமை கடன் குடுப்பீங்களா? என் வண்டியும் ரெண்டு நாளா திரும்பறப்ப கத்துது.